ஆழிக்குமரனை எந்தத் தராசில் நிறுப்பது?

1984 ஆகஸ்ட் 6 அன்று, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். வயது 41. தொழில், வழக்கறிஞர். ஊரார் சூட்டிய பெயர் ஆழிக்குமரன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் ஈழத் தமிழர் கூடும் இடத்தில் அந்தப் பெயரை எடுத்தால் பேச்சு சூடுபிடித்துவிடும். பாக்கு நீரிணை, கின்னஸ் புத்தகம், ஒன்றன்பின் ஒன்றாக உலக சாதனைகள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கால்வாய்க்கு வந்ததும் குரல் தணியும்.

அவரைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்: சாதனைப் பட்டியல், இரங்கல். பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை. கடலை இருமுறை கடந்ததும் ஒற்றைக் காலில் நின்றதும் அதில் அடுத்தடுத்த வரிகள். இரங்கலோ மரணத்தை வைத்துக்கொண்டு அவர் தொட்ட எல்லாவற்றையும் மகத்தானதாக்கிவிடுகிறது. இரண்டும் அன்பால் எழுதப்பட்டவைதான். ஆனால் இரண்டிலும் அவர் செய்த காரியம் என்ன, அது எந்த வகையில் கடினம், அதில் எது பெரிது என்ற கேள்விகள் இல்லை. அவர் மீது மதிப்பு வைத்திருப்பவன் என்பதாலேயே அவருடைய செயல்களைத் தனித்தனியாக எடுத்து நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஏனென்றால், ஆபத்தை வைத்துப் பெருமையை அளக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்தார் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை தேவைப்படுவதில்லை. ஆனால் உயிரைப் பணயம் வைக்க எந்தத் தேர்ச்சியும் வேண்டாம். கிண்டி ரயில் நிலையத்தில் ஓடும் மின்ரயிலின் படியில் தொங்கி, பிளாட்பாரத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு போகும் கல்லூரி மாணவனும் அதைத்தான் செய்கிறான். அவனையும் சிலர் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். ஆகவே ஆபத்து மட்டும் அளவுகோல் ஆக முடியாது. பார்த்தவர்களின் எண்ணிக்கையும் ஆக முடியாது. வேறு என்ன?

முதலில் 1971. அந்த ஆண்டு ஆனந்தன் இலங்கைக் கரையில் இறங்கி, இந்தியக் கரையைத் தொட்டு, நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். அவருக்கு முன்னே பாக்கு நீரிணையைக் கடந்தவர்கள் உண்டு. அவரைப் போலவே, வல்வெட்டித்துறை அடங்கிய வடமராட்சிப் பகுதியைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார்; சுமார் 27 மணி நேரம் ஆனது. வங்காளத்தின் மிகிர் சென் 1966ல் இந்தியக் கடற்படைக் கப்பல்களின் துணையோடு கடந்தார். இவர்கள் ஒரு திசையில் நீந்தியவர்கள். ஆனந்தன் போய்த் திரும்பினார். உலக அளவில் ஒப்பிட வேண்டுமானால், ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் இருதிசையும் கடந்த அர்ஜென்டீனாக்காரர் அன்டோனியோ அபெர்டோண்டோ 1961ல் எடுத்துக்கொண்ட நேரம் 43 மணி 10 நிமிடம். கால்வாயின் குளிர் பாக்கு நீரிணையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் 51 மணி நேரம் என்றால் இரண்டு இரவுகளாவது கடலில்.

இந்த நீச்சலின் கடினம் எங்கே இருக்கிறது? தூரத்தில் மட்டும் அல்ல. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். நீரோட்டம் நேரத்துக்கு நேரம் திசை மாறும். கரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும். வாடைக்காற்று ஓய்ந்து சோளகக்காற்று தொடங்கும் முன் கிடைக்கும் சில வாரங்களில்தான் அது நீந்துபவருக்கு இடம் கொடுக்கும். சொறிமீன் மேலே பட்டால் தோல் தீய்ந்தது போல எரியும். உப்புநீர் நாக்கைத் தடிக்கச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம். இரண்டாம் இரவில் கை தன்னால் போய்க்கொண்டிருக்க, மனம் கழன்றுகொள்ளும். துணைப்படகில் இருப்பவர்கள் உணவை நீட்டலாம், குரல் கொடுக்கலாம்; தொடக் கூடாது. தொட்டால் கணக்கு முடிந்தது. இத்தனைக்கும் நடுவே, இந்தியக் கரையைத் தொட்ட கணத்தில் உடம்பு முழுவதும் முடிந்தது என்று சொல்லும்போது, அங்கிருந்து திரும்பியிருக்கிறார். கடல் நீச்சலில் கரையே இலக்கு. அந்த இலக்கைப் பாதிவழியாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. 1971ன் எடை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த நீச்சலை எந்தக் கூட்டமும் உடனிருந்து பார்க்கவில்லை. நடுக்கடலில் பார்க்க யார் இருக்கிறார்கள்? புறப்படும்போதும் திரும்பும்போதும் மக்கள் திரண்டிருக்கலாம். இடையில் இருந்தவர்கள் படகுக்காரர்களும் கண்காணிப்பாளர்களும் மட்டுமே. அவர்கள் கடலை அறிந்தவர்கள். வல்வெட்டித்துறை அப்படிப்பட்ட ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1938ல் அந்த ஊர் மாலுமிகளே அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்று சேர்த்திருக்கிறார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் கணிப்பது அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. ஆனந்தனின் நீச்சல் அந்த அறிவின் மேல் நின்றது. கடலை அறிந்தவர்கள் முன்னால் கடலில் செய்த காரியம் என்பதால், அதன் தரத்தைச் சரிபார்க்கக் கைதட்டல் தேவைப்படவில்லை.

அடுத்து வருபவை வேறு. 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி நிற்காமல் சைக்கிள் ஓட்டினார்: 187 மணி 28 நிமிடம், 1,487 மைல். 1980 மே மாதம் அதே பூங்காவின் திறந்தவெளி அரங்கில் 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். தூக்கிய காலை ஊன்றிய கால்மேல் வைக்கக் கூடாது, எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. காலிமுகத் திடலில் ஏழு மணி நேரத்துக்குள் 9,100 முறை காலை உயர வீசினார். நிற்காமல் ட்விஸ்ட் நடனம் ஆடினார். 1981ல் சென்னைக்கு வந்து, மெரினாவை ஒட்டிய அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நிமிர்ந்த நிலையில், காலால் நீரை மிதித்தபடி மிதந்தார்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்குக் கின்னஸ் புத்தகம் நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வருவது ஊர்ப் பொட்டலில் நடந்த சைக்கிள் வித்தை. அறுபதுகள் முதல் எண்பதுகள் வரை தமிழ்நாட்டு ஊர்களில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் வருவார். பொட்டலில் வட்டம் போட்டு, நாட்கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார். சாப்பாடு சைக்கிள்மேல், குளியல் சைக்கிள்மேல். குடத்துத் தண்ணீரைக் கூட இருப்பவர் ஊற்ற, அவர் சுற்றிக்கொண்டே குளிப்பார். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. மாலையானால் கூட்டம் சேரும். நெஞ்சில் ட்யூப் லைட் உடைப்பார்கள், மண்ணுக்குள் புதைந்து எழுவார்கள். விரித்த துண்டில் காசு விழும். கடைசி நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலை போட்டு இறக்கிவிடுவார். அடுத்த வாரம் அவர் வேறு ஊரில்.

விகாரமகாதேவி பூங்காவில் நடந்ததும் இதுவேதான். ஒருவரைப் படித்த வழக்கறிஞர் என்றும் சாதனையாளர் என்றும் சொன்னோம். மற்றவரின் பெயரைக்கூட யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இருவரின் உடம்பும் ஒரே வேதனையைத்தான் பட்டது. வித்தியாசம், ஒரு பக்கம் கடிகாரமும் சாட்சிகளும் இங்கிலாந்திலிருந்து வெளிவரும் ஒரு புத்தகமும் இருந்தன, மறுபக்கம் இல்லை. ஆகவே பூங்காச் சாதனைகளை அவை பதிவானதற்காகப் பெரிது என்று சொல்வதானால், பதிவு செய்த அலுவலகத்தைத்தான் புகழ்கிறோம். செயலைப் பார்த்துச் சொல்வதானால், பொட்டலில் சுற்றியவருக்கும் அதே மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். நான் கொடுக்கிறேன். அது தாங்கும் சக்தியின் மதிப்பு. சிறியதல்ல. ஆனால் 1971ன் மதிப்பு அல்ல.

ஏன் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். பூங்காவில் சுற்றும் சைக்கிளில் கணிக்க வேண்டியது எதுவும் இல்லை. பாதை தெரியும், தரை மாறாது, எதிராளி இல்லை. எவ்வளவு நேரம் தாங்குவாய் என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரே வகை விடைதான் உண்டு: இன்னும் கொஞ்சம். அந்த இன்னும் கொஞ்சத்தை அடுத்த ஆண்டு வேறொருவர் தாண்டுவார். இப்படிப்பட்ட போட்டி உடம்பைச் சேதப்படுத்துவதில்தான் போய் முடியும். விழித்திருக்கும் சாதனையைக் கின்னஸ் நிறுவனமே பின்னாளில் கைவிட்டதற்குக் காரணம் அது. கடலில் தாங்குவதோடு முடிவதில்லை. எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நீரோட்டத்தோடு இழைந்து போவது, எந்தப் பக்கம் சாய்ந்து நீந்தினால் கரை கிடைக்கும் என்று ஒவ்வொரு மணியும் முடிவெடுக்க வேண்டும். தாங்கும் சக்தி அங்கே கருவி. இங்கே அதுவே முழுச் சரக்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அது நேர்மையாகாது. நெடுந்தூர நீச்சல்காரனுக்கு அந்தக் காலத்தில் வேறு எந்த அரங்கு திறந்திருந்தது? திறந்த நீரில் 10 கிலோமீட்டர் நீச்சல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2008 பெய்ஜிங்கில்தான். ஆனந்தனின் காலத்தில் 51 மணி நேரம் நீந்தக்கூடியவருக்கு ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் கிடையாது. சிறிய நாட்டுக்காரர், அதிலும் அந்த நாட்டில் சிறுபான்மையினத்தவர். தன்னை உலகத்தின் ஏட்டில் எழுதிக்கொள்ள அவருக்குக் கிடைத்த ஒரே கதவு கின்னஸ். அந்தக் கதவு கேட்டதை அவர் கொடுத்தார். பூங்காவில் சுற்றச் சொன்னது, சுற்றினார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது, நின்றார்.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அவருடைய நோக்கத்தை அது முழுமையாக நியாயப்படுத்துகிறது. ஆனால் நோக்கத்தின் நியாயம் செயலின் தரமாகிவிடாது. கதவு ஒன்றுதான் இருந்தது என்பது கதவின் குறை. அதற்குள் நுழையக் கொடுத்த விலையைப் பெருமை என்று நாம் மாற்றிச் சொல்லக் கூடாது. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் புத்தகமும் சேர்ந்து ஒரு கடலோடியைப் பூங்காவுக்கு இழுத்து வந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணா நீச்சல் குளத்து 80 மணி நேரம் மட்டும் என்னைத் தயங்க வைக்கிறது. அது பாதி வித்தை, பாதி கடல். நீர் அவருக்குத் தாய்வீடு. நிமிர்ந்து மிதப்பதில் நுட்பம் இருக்கிறது. காலை மிதிக்கும் விதத்தில் சக்தியை மிச்சம் பிடிக்கத் தெரியாதவர் சில மணி நேரத்தில் துவண்டுவிடுவார். மூன்று நாளுக்கு மேல் ஒருவர் நீரில் நிற்பதைச் சென்னைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தலை. தெரியாதது 1971ல் அந்தத் தலை எங்கே இருந்தது என்பது.

இப்போது மரணம். அதை எடைபோடுவதற்கு இன்னொரு நீச்சல்காரரின் கதை உதவும். ஆங்கிலக் கால்வாயை எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் முதலில் நீந்திக் கடந்தவர் கேப்டன் மேத்யூ வெப். 1875 ஆகஸ்ட் 25. 21 மணி 45 நிமிடம். இங்கிலாந்து அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பிறகு? கொண்டாட்டம் சோறு போடவில்லை. கண்காட்சிகளில் தண்ணீர்த் தொட்டிக்குள் மணிக்கணக்காக மிதந்து காட்டினார், காசுக்கு. கூட்டம் குறையக் குறைய வித்தை பெரிதாக வேண்டியிருந்தது. 1883 ஜூலை 24 அன்று நயாகரா அருவிக்குக் கீழே உள்ள கொந்தளிப்பில் நீந்த இறங்கி இறந்தார். வயது 35. அந்த நீர்ச்சுழியில் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு கிடையாது. உலகின் மிகச் சிறந்த நீச்சல்காரர், தன் தேர்ச்சிக்கு எந்த வேலையும் இல்லாத இடத்தில் போய் இறந்தார்.

வெப், ஆனந்தன் இருவரையும் அருகருகே வைப்பவர்கள் முதலில் காண்பது ஒற்றுமை: இருவரும் கடலில் பெயர் பெற்றார்கள், இருவரும் தொட்டியில் மிதந்தார்கள், இருவரும் நீரில் இறந்தார்கள். எனக்கு வேறுபாடுதான் முக்கியமாகப் படுகிறது. வெப் கடலிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து சுழிக்கும் போனார். ஒவ்வொரு படியிலும் தேர்ச்சி குறைந்து வேடிக்கை கூடியது. ஆனந்தன் கடலிலிருந்து பூங்காவுக்கும் குளத்துக்கும் போய், மறுபடியும் கடலுக்கே திரும்பினார். ஆங்கிலக் கால்வாய் வித்தைக்கான இடமல்ல. அங்கே தேர்ச்சிக்கு வேலை இருக்கிறது. ஓதம் எப்போது திரும்பும் என்று கணக்கிட வேண்டும், குளிருக்கு உடம்பைப் பழக்க வேண்டும், கண்காணிப்பாளர் முன் விதிப்படி நீந்த வேண்டும். கோடையிலும் அதன் நீர் 15 முதல் 18 பாகை வரைதான். நம் கடல் அதைவிடப் பத்துப் பாகை வெதுவெதுப்பு. வெதுவெதுப்பான நீரில் 51 மணி நேரம் தாங்கியவருக்கும் அது புதிய பள்ளிக்கூடம். இன்று அங்கே நீந்த அனுமதி வேண்டுமானால், 16 பாகைக்கு மேற்படாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டியிருக்க வேண்டும். அத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் அங்கே நீச்சல்காரர்கள் இறந்திருக்கிறார்கள்; 2013ல் பிரான்ஸ் கரையை நெருங்கிய நிலையில் சூசன் டெய்லர் இறந்தார்.

ஆகவே ஆனந்தன் கடைசியாக இறங்கியது தன் தொழிலுக்கு உரிய இடத்தில். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. அந்த ஆண்டில் ஒரு தமிழர் இங்கிலாந்தின் கரையில் நின்று கடலைப் பார்த்ததன் பின்னால் என்னென்ன இருந்திருக்கும் என்று கற்பனை செய்யலாம். எழுதி வைக்க மாட்டேன். தீர்ப்புக்குத் தேவையானது இவ்வளவுதான்: அவருடைய மரணம் அவரைப் பெரியவராக்கவில்லை. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே அவர் பெரியவராகியிருந்தார். கால்வாயைக் கடக்காமல் போனதால் அதிலிருந்து எதுவும் குறையவும் இல்லை.

தேர்ச்சிக்கு வேலை இருக்கும் ஆபத்து, தேர்ச்சிக்கு வேலை இல்லாத ஆபத்து என்ற இந்தப் பிரிவு நீச்சலைத் தாண்டியும் பொருந்துகிறது. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹொனால்ட், கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறைச் சுவரில் கயிறு இல்லாமல் ஏறினார். பலரும் பார்த்தது கயிறு இல்லாததை. அவர் அதே சுவரில் கயிறோடு எத்தனையோ முறை ஏறி, கை வைக்கும் ஒவ்வொரு விளிம்பையும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் பார்த்தவர் குறைவு. ஒருமுறை தொடங்கிவிட்டுச் சரியாகப் படவில்லை என்று இறங்கியும் வந்திருக்கிறார். படமெடுத்தவர்களும் மலையேறிகள், தங்கள் இருப்பு அவர் கவனத்தைக் கலைத்துவிடுமோ என்ற அச்சத்தோடே படமெடுத்தார்கள். அது ஆபத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்த பின் செய்த காரியம். அதே ஹொனால்ட் 2026 ஜனவரியில் தைபெய் 101 கட்டடத்தில் கயிறில்லாமல் ஏற, நெட்ஃபிளிக்ஸ் அதை நேரலையாகக் காட்டியது. ஏறுவது அவருக்கு எல் கேப்பிட்டனைவிட எளிது என்பதை அறிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பார்த்தவர் கூட்டம் பல மடங்கு. நேரலையைச் சில விநாடி தாமதித்து ஒளிபரப்புவதாக நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. அவர் விழுந்தால் திரையைத் திருப்பிக்கொள்ள அந்த விநாடிகள். நமக்குத் தருவது ஆபத்தின் சிலிர்ப்பு. அதன் விலையை நம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். ஏறியவர்மேல் எனக்குக் குறை இல்லை. பார்வையாளரை இப்படிப் பொத்திப் பாதுகாக்கும் ஏற்பாட்டின் மேல்தான் குறை. விழுந்தால் பார்க்கமாட்டேன் என்பவர், விழக்கூடும் என்பதற்காகவும் பார்க்கக் கூடாது.

தேர்ச்சிக்கு வேலை இருக்கும் ஆபத்து, கேமரா இல்லாத இடத்திலும் உண்டு. சென்னையில் நான் வசிக்கும் ஈக்காட்டுத்தாங்கல் அடையாற்றின் கரையில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவில் அந்த ஆறு கரையை உடைத்துக்கொண்டு எங்கள் தெருக்களுக்குள்ளும், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்குள்ளும் வந்தது. கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடலில் இல்லாத ஆபத்துகள் தெருவெள்ளத்தில் உண்டு: நீருக்குள் மறைந்த மதில்கள், தொங்கும் மின்கம்பிகள், சந்துகளில் குறுக்கே இழுக்கும் ஓட்டம். கடலில் கற்றதை அவர்கள் அங்கே பயன்படுத்தி, மாடிகளில் சிக்கியவர்களை இறக்கினார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது மணிக்கணக்காக, கிலோமீட்டர் கணக்காக எழுதப்படவில்லை. நீரில் காட்டும் தேர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டால் என் தராசு பொய்யாகிவிடும். விளையாட்டு வீரரின் ஆபத்தை நாம் கேள்வி கேட்கலாம், ஏனென்றால் அது தேர்ந்தெடுத்த ஆபத்து. அன்றைய ஆபத்தில் அவர்கள் இறங்கியது பிறர் உயிருக்காக. அதற்கு நியாயம் கேட்க எனக்கு உரிமை இல்லை. நன்றி சொல்லும் கடமை மட்டும் உண்டு.

தேர்ந்தெடுத்த ஆபத்து என்றேன். தேர்ந்தெடுத்தது யார் என்பதுதான் இந்த விசாரணையின் மிகக் கடினமான பகுதி. 1994ல் குற்றாலீஸ்வரன் என்ற 12 வயதுச் சிறுவனை நாம் எல்லாரும் கொண்டாடினோம். அண்ணா நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் கே.எஸ். இளங்கோவனிடம் பயின்ற பையன். அந்த ஒரே ஆண்டில் பாக்கு நீரிணை, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென் 1966ல் ஐந்தைக் கடந்து வைத்திருந்த சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருது வந்தது. சில ஆண்டுகளில் ஆதரவும் பணமும் இல்லாமல் நீச்சல் நின்றுபோனது. அவருடைய நீச்சலில் ஐயம் எதுவும் கிடையாது. அது தேர்ச்சியால் நடந்தது. தொட்டி வித்தை அல்ல. என் தராசில் அது பெரிய காரியம்தான். ஆனால் 41 வயது ஆனந்தன் கால்வாயில் இறங்கியதும் 12 வயதுப் பையன் அதே கால்வாயில் இறங்கியதும் ஒன்றல்ல. முதலாமவர் என்ன விலை கொடுக்கக்கூடும் என்று அறிந்து இறங்கினார். பையனுக்காக அதை மற்றவர்கள் அறிந்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1988ல் தாமஸ் கிரெகரி என்ற 11 வயதுச் சிறுவன் கால்வாயைக் கடந்தான். அதன் பிறகு அங்கே விதி மாறியது. இப்போது 16 வயது நிரம்பாதவர் கால்வாயில் தனியாக நீந்த முடியாது. கிரெகரியின் சாதனையை இனி யாரும் முறியடிக்க முடியாது என்பதைத் தெரிந்தேதான் அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுக் குழந்தை 2006ல் 65 கிலோமீட்டர் ஓட வைக்கப்பட்டபோது நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. அரசு தலையிட்டுத்தான் அந்த ஓட்டங்களை நிறுத்தியது. பாக்கு நீரிணையில் நிலைமை வேறு. 2019ல் தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினான். 2022ல் மும்பையைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி, ஆட்டிசம் உள்ளவர், 13 மணி நேரத்துக்கு மேல் நீந்தி அரிச்சல்முனையில் கரையேறினார். இந்தப் பிள்ளைகளின் திறமை வியக்கத்தக்கது. ஆனால் மிக இளைய வயதில் என்ற தகுதி ஒரு சாதனையோடு சேர்ந்துவிட்டால், அடுத்த சாதனைக்கு இன்னும் இளைய குழந்தைதான் தேவைப்படும். பத்துக்குப் பிறகு ஒன்பது. அந்தக் கணக்கில் திறமை முன்னேறுவதில்லை, வயது இறங்குகிறது.

ஊர் ஊராக இன்று நடக்கும் உலக சாதனை விழாக்களிலும் இதே இழுப்பைப் பார்க்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் சிலம்பம், கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் நிறுவனங்கள், சுவரெங்கும் பிளெக்ஸ் பேனர். அந்தப் பிள்ளைகளில் சிலம்பத்தை உண்மையில் கற்றுக்கொண்டவர் யார், மணிக்கணக்கில் வெயிலில் நின்றவர் யார் என்பதைச் சான்றிதழ் பிரித்துச் சொல்லாது. ஆனந்தனின் காலத்தில் கதவு ஒன்றுதான் இருந்தது. இன்று மாவட்டப் போட்டிகள் இருக்கின்றன, முதலமைச்சர் கோப்பை இருக்கிறது, திறந்த நீர் நீச்சலுக்கு ஒலிம்பிக்கே இருக்கிறது. அவருக்கு இருந்த நியாயம் நமக்கு இல்லை.

என் முடிவு இது. ஆனந்தனின் 1971 நீச்சல் தமிழர் விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய செயல்களில் ஒன்று. பதக்கங்களின் வரிசையில் அது இல்லை என்பதால் அதன் இடம் மாறாது. 1981 குளத்துச் சாதனை மதிக்கத்தக்கது. பூங்காச் சாதனைகள் பொட்டலில் சைக்கிள் ஓட்டிய பெயர் தெரியாதவரின் உழைப்புக்குச் சமம். இருவருக்கும் ஒரே மரியாதை. 1984 ஒரு தேர்ந்த நீச்சல்காரரின் நியாயமான முயற்சி; அதைத் தியாகம் என்றோ அசட்டுத் துணிச்சல் என்றோ எழுதுவது தவறு. வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. அவரை நினைவுகூரச் சரியான வழி அதுதான்: பிள்ளைகள் வேடிக்கைப் பொருளாகாமல் நீந்தக் கற்கும் இடம்.

பாக்கு நீரிணையில் தனியாக நீந்த 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், நீந்துபவரோடும் பயிற்சியாளரோடும் தொடர்பில்லாத மருத்துவரும் கண்காணிப்பாளரும் படகில் இருந்தாக வேண்டும், அவர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்தியாக வேண்டும் என்ற விதிகளைத் தமிழ்நாடு அரசும் இந்திய நீச்சல் கூட்டமைப்பும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். இலங்கை அரசும் அதில் கைகோக்க வேண்டும். பங்குனிக் கடல் அமைதியாவதற்கு முன் அதைச் செய்யுங்கள். அனுமதி கேட்டு அடுத்த மனு வரும் மாதம் அது.